கொடையாளர் எண் இரண்டு

செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. இரண்டு ஊசிகளும் இடது கையில் ஏறி, இயந்திரம் இரத்தத்தை இழுத்துச் சுத்தம் செய்யத் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, லோர்னா காங்கஸின் கைபேசி ஒரு முறை அதிர்ந்தது. திரையில் ஒரே ஒரு வரி: "கொடையாளர் எண் இரண்டு தொடரவில்லை." ஏன், எதற்கு, யார் சொன்னது என்று ஓர் எழுத்து கிடையாது. லோர்னா அதை மூன்று முறை படித்தாள். மூன்று முறையும் அதே வரிதான் இருந்தது.

எண் இரண்டு யார் என்று கண்டுபிடிக்க ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. அந்த இஷ்பெமிங் ஊரில் அவளுக்குச் சிறுநீரகம் தருகிறேன் என்று முன்வந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி, தேவாலயத்தில் பியானோ வாசிப்பவள். இரத்த வகையிலேயே கழிந்துபோனாள். இன்னொருவன் லோர்னாவின் அண்ணன் ரீட். முக்கால் மணி நேரத்துக்கு முன்புதான் அவளைத் தன் வண்டியில் கொண்டுவந்து வாசலில் இறக்கிவிட்டு, வழுக்கும், பார்த்துப் போ என்று சொன்னவன். அதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

கொடையாளர் விவரங்களை இப்படிக் கைபேசிக்கு அனுப்பும் பதிவேடு வந்தே ஐந்து மாதம்தான் ஆகிறது. இலையுதிர் காலத்தில் ஒரு நெட்டை மனிதர் அதைச் செய்த நிறுவனத்தின் சார்பில் வந்தார். இரத்தச் சுத்திகரிப்புக் கூடத்தில் நாற்காலி நாற்காலியாகப் போய்க் கை குலுக்கினார். கூடவே எல்லாருக்கும் வாழைப்பழக் கேக்கும் ஆரஞ்சுச் சாறும் கொண்டுவந்திருந்தார். சிறுநீரகம் போனவர்களுக்கு அவை இரண்டும் விஷத்துக்கு அடுத்தபடி என்பது பாவம் அந்த மனிதருக்குத் தெரியவில்லை. பக்கத்து நாற்காலி எல்ட்ரெட் மாக்கி, சுரங்கத்தில் நாற்பது வருடம் மின்வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கேக்கை மோந்து பார்த்துவிட்டு, "எங்களைக் காப்பாத்த வந்தீங்களா, சீக்கிரம் அனுப்பி வெக்க வந்தீங்களா?" என்று கேட்டார். கூடமே சிரித்தது. நெட்டை மனிதர் காது சிவக்கக் கேக்கைத் திரும்ப எடுத்து வைத்தார்.

ஆனால் அவர் சொன்ன விஷயம் லோர்னாவுக்குப் பிடித்திருந்தது. பிளாக்செயின் என்றார். பெயரைக் கேட்டு மிரளாதீர்கள், ஒரு நோட்டுப் புத்தகம், அவ்வளவுதான் என்றார். நாற்பது மருத்துவமனைகளில் நாற்பது நகல் இருக்கும். ஓர் இடத்தில் ஒரு வரி எழுதினால் நாற்பதிலும் விழும். எழுதியதை யாரும் அழிக்க முடியாது, நடுவில் ஒரு பெயரைச் செருக முடியாது, செல்வாக்குள்ளவன் வரிசையில் முந்த முடியாது. கொடுக்க வருகிறவர் தன் சம்மதத்தைத் தன் கைபேசியிலிருந்து தானே பதிய வேண்டும். அவர் பேரில் இன்னொருவர் பதிய வழியில்லை. நோயாளிக்கு ஒவ்வொரு படியும் தெரிந்துகொண்டே இருக்கும், இனி யாரையும் போன் போட்டுக் கெஞ்ச வேண்டாம் என்றார்.

லோர்னா இருபது வருடம் பள்ளிப் பேருந்துகளை அனுப்பும் அலுவலகத்தில் இருந்தவள். எந்த வண்டி எந்தத் திருப்பத்தில் நிற்கிறது என்று தெரியாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அவளுக்கென்றே செய்தது மாதிரி இருந்தது இது. ரீட் சம்மதம் பதிந்த அன்று கைபேசியில் முதலாவது பச்சைப் புள்ளி வந்தது. இரத்தம் பார்த்தாயிற்று, இரண்டாவது புள்ளி. திசு பார்த்தாயிற்று, மூன்றாவது. படம் எடுத்தாயிற்று, நான்காவது. ஒவ்வொரு புள்ளிக்கும் அவள் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள், சந்தோஷத்தில். ஐந்தாவது மட்டும் நான்கு வாரமாக வரவில்லை. வந்தது இந்த வரி.

பதினோரு மணிக்கு ரீட் அவளைக் கூட்டிப்போக வந்தான். ஐம்பத்தொரு வயது, மாவட்டத்தின் பனி வாரும் வண்டி ஓட்டுபவன். பேச்சில் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாருமே சிக்கனம்தான். ரீட் அதிலும் கடைந்தெடுத்த சிக்கனம். அவன் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் ஏரியில் பனிக்கட்டி உருகிவிடும் என்பார்கள். சுரங்கச் சாலை தாண்டிப் பெட்ரோல் நிலையம் வரும்வரை ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான்.

"அது ஆகலையாம், லோர்னா."

"எது?"

"கிட்னி. ஏதோ மருத்துவக் காரணமாம். என்னோடது சரிப்படாதாம்."

பரவாயில்லை, நீ இவ்வளவு தூரம் முயற்சி செய்ததே பெரிது என்று லோர்னா சொன்னாள். அதைத்தான் சொல்ல வேண்டும், அதுதான் மரியாதை. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஏதோ மருத்துவக் காரணமாம். இந்த வார்த்தைகளை அவளுக்கு நன்றாகவே தெரியும். பதினோரு வருடத்துக்கு முன்னால் அவளே இதைத் தன் அம்மா ஐலியிடம் சொல்லியிருக்கிறாள்.

மருத்துவமனையில் ஒரு வழக்கம் உண்டு. கொடுக்க வருகிறவருக்கென்றே தனியாக ஓர் ஆளை வைத்திருப்பார்கள். நோயாளி பக்கம் சாயாத ஆள். அவர் ஒரு நாள் கதவைச் சாத்திக்கொண்டு கேட்பார்: உனக்கு மனப்பூர்வமாகச் சம்மதமா, யாராவது உன்னை நெருக்குகிறார்களா? வேண்டாம் என்று தலையை அசைத்தால் போதும். வீட்டாரிடம் "சரிப்படவில்லை" என்று மட்டும் சொல்லிவிடுவார்கள். காரணம் கேட்டால், அது கொடுக்க வந்தவரின் அந்தரங்கம், சொல்வதற்கில்லை. பயந்துபோனவனைக் குடும்பம் ஆயுசுக்கும் குத்திக் காட்டக் கூடாதே என்று செய்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். குறை சொல்ல எதுவும் இல்லை.

அம்மாவுக்குச் சிறுநீரகம் கொடுக்கத் தெற்கே ஐந்து மணி நேரத் தொலைவில் இருந்த ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போன இடத்தில், நோரீன் என்ற பெண்மணி கதவைச் சாத்திக்கொண்டு கேட்டபோது, முப்பத்தாறு வயது லோர்னா தலையை அசைத்தாள். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. பயம். கத்தி மேல் பயம். அம்மா மேல் அவளுக்கு உயிர். ஆனாலும் முடியவில்லை. நோரீன் அவள் கையைத் தட்டிக்கொடுத்து, இது நமக்குள் இருக்கட்டும் என்றார். இரண்டு குளிர்காலம் கழித்து, வரிசையில் காத்திருந்தபடியே ஐலி செத்துப்போனாள். தலையை அசைத்ததை லோர்னா யாரிடமும் சொல்லவில்லை; கட்டியவனிடம்கூடச் சொல்லவில்லை. அவனும் பிறகு விட்டுவிட்டுப் போய்விட்டான்.

இப்போது அதே வார்த்தைகள் ரீட்டின் வாயிலிருந்து வந்தால் அவள் என்ன நினைப்பாள்? குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்.

சிறுநீரகம் கிடைக்காததில் கூட அவளுக்கு அவ்வளவு கலக்கம் இல்லை. வரிசை இருக்கிறது, நாலைந்து வருடம் இயந்திரத்தோடு ஓட்டலாம், ஓட்டுகிறவர்கள் ஓட்டுகிறார்கள். ஆனால் குழந்தை குட்டி இல்லாத அவளுக்கு உலகத்தில் மிஞ்சியிருப்பது இந்த ஒரு மனிதன். நான் உயிரோடு இருக்க வேண்டும் என்று இவனுக்கு இருக்கிறதா, இல்லையா? அது தெரியாமல் அவளால் இருக்க முடியவில்லை. கூடவே இன்னொன்றும் தெரிந்திருந்தது அவளுக்கு: ஒருத்தர் மேல் உயிரையே வைத்துக்கொண்டும் தலையை அசைக்க முடியும். தானே அசைத்தவள். அப்படியானால் ரீட் அசைத்திருந்தால்தான் என்ன? அதை யோசித்தால் தலை சுற்றியது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது.

வியாழக்கிழமை எல்ட்ரெட் மாக்கி ஒரு வேலை செய்தார். ஓய்வு பெற்ற மின்வேலைக்காரரிடம் ஒரு கருவியைக் கொடுத்தால் சும்மா இருப்பாரா? லோர்னாவின் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கறந்துகொண்டவர், அவள் கைபேசியை வாங்கிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நோண்டத் தொடங்கினார். ஒவ்வொரு வரியின் கீழும் பொடி எழுத்தில் ஒரு நீளக் குறி இருந்தது. அது எழுதியவரின் கையெழுத்து மாதிரி என்று நெட்டை மனிதர் சொன்னது அவருக்கு நினைவிருந்தது. மருத்துவமனை எழுதிய வரிகளுக்கெல்லாம் அந்தக் குறியின் கடைசி எழுத்துகள், அதன் வால், ஒன்றே. முதல் வரிக்கு, அதாவது ரீட் சம்மதம் பதிந்த வரிக்கு, வேறு வால்.

"இப்ப கடைசி வரியைப் பாரு. இதுக்கும் மொத வரிக்கும் ஒரே வாலு." அவர் திரையைத் தட்டிக் காட்டினார். "ஆஸ்பத்திரி போட்டதில்ல இது. உங்கண்ணனே போட்டிருக்கான். நேரம்கூட இருக்கு, ஏழு இருபத்தெட்டு."

புதையல் எடுத்தவர் மாதிரி நிமிர்ந்தவர், லோர்னாவைப் பார்த்ததும் குரலை இறக்கினார். தனக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது, ஐம்பது வருடமாகத் தன் மனைவி சொல்வது அதைத்தான் என்று முணுமுணுத்தபடி கைபேசியைத் திருப்பிக் கொடுத்தார்.

ஏழு இருபத்தெட்டு. அன்று அவளை இறக்கிவிட்ட பிறகு ரீட்டின் வண்டி கிளம்பவில்லை. ஊசி ஏறும்போது ஜன்னல் வழியாக அதன் விளக்குகளை அவள் பார்த்தாள். பனியில் கண்ணாடியைத் துடைக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள். வாசலில் வண்டியில் உட்கார்ந்துகொண்டு, இருபதடி தூரத்தில் தங்கை ஊசியோடு கிடக்கும் நேரத்தில், மாட்டேன் என்று பொத்தானை அழுத்தியிருக்கிறான். அப்புறம் பதினோரு மணிக்கு வந்து மருத்துவக் காரணம் என்கிறான். லோர்னாவுக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்துக்குத் தனக்கு உரிமை உண்டா என்று தெரியாததால், அது வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே கொதித்தது.

வெள்ளிக்கிழமை அவள் அந்தப் பெரிய மருத்துவமனைக்குப் போன் செய்தாள். கொடையாளர்களுக்கான ஆள் யார் என்று கேட்டு, இணைப்பு மாறி மாறி, கடைசியில் எடுத்த குரல் நோரீனுடையது. இன்னும் ஓய்வு பெறவில்லை. லோர்னா போனை வைத்துவிடலாமா என்று பார்த்தாள். இருந்தாலும் கேட்டாள்: என் அண்ணனின் வரியில் அவனுடைய குறியே இருக்கிறது, அப்படியென்றால் அவனாகத்தானே விலகியிருக்கிறான்?

நோரீன் பொறுமையாக விளக்கினார். அந்தப் பதிவேடு வந்த புதிதில் இரண்டு விதமான வரி இருந்தது. மருத்துவர் நிறுத்தினால் மருத்துவமனையின் குறி, கொடுப்பவர் விலகினால் அவருடைய குறி. இரண்டே வாரத்தில் குடும்பங்கள் வாலைப் பிடித்துவிட்டன. ஓர் ஊரில் ஒருவன் தன் மைத்துனன் வீட்டுக் கதவை உடைத்தான். அதற்குப் பிறகு மாற்றிவிட்டார்கள். இப்போது காரணம் எதுவானாலும், மருத்துவர் வேண்டாம் என்றாலும் தானே வேண்டாம் என்றாலும், கடைசிப் பொத்தானைக் கொடுக்க வந்தவர்தான் அழுத்த வேண்டும். ஒரே பொத்தான், ஒரே வரி.

"அப்ப இதுல என்னதான் தெரியும்?" என்று லோர்னா கேட்டாள்.

"யார் அழுத்துனாங்க, எப்ப அழுத்துனாங்கன்னு தெரியும். ஏன்னு தெரியாது. வேணும்னேதான் அப்படி வெச்சோம்."

"அழிக்க முடியாத புத்தகம், நாப்பது ஆஸ்பத்திரி, எல்லாம் எதுக்கு அப்புறம்?"

"ஒருத்தர் சம்மதத்தை இன்னொருத்தர் போடக் கூடாது, ஒருத்தர் இடத்தை இன்னொருத்தர் பிடுங்கக் கூடாது. அதுக்குத்தான். மனசைப் படிக்கிறதுக்கு இல்ல."

நீங்கள் நினைத்தாலும் சொல்ல முடியாதா என்று அவள் கேட்டாள்.

"நெனச்சாலும் சொல்ல மாட்டேன். அது ஏன்னு உங்களுக்குப் புரியும்னு நெனைக்கிறேன், லோர்னா."

போனை வைத்த பிறகு அவள் சமையலறை நாற்காலியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நேற்றுவரை ரீட் விலகினான் என்று தெரிந்திருந்தது. இன்று அதுவும் தெரியாது. தெரிந்த ஒன்றையும் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

சனிக்கிழமை போகும்போதும் வரும்போதும் வண்டியில் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவன் தொண்டையைச் செருமினால் அது குற்ற உணர்ச்சி, வானொலியைப் போட்டால் அது பேச்சைத் தவிர்க்கும் தந்திரம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் காபிக்கு உட்கார்ந்தார்கள். ஏலக்காய் போட்ட இனிப்பு ரொட்டி வந்தது. பல் முளைத்த நாளிலிருந்து நாலு துண்டுக்குக் குறையாமல் தின்கிறவன் ரீட். அன்று தட்டை அப்படியே பியானோக்காரி பக்கம் தள்ளிவிட்டான். காபிக்குச் சர்க்கரையும் போட்டுக்கொள்ளவில்லை. மனசு உறுத்துகிறவனுக்குத் தொண்டையில் எப்படி இறங்கும் என்று லோர்னா முடிவு கட்டினாள். இதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை.

மதியம் மூன்று மணிக்கு அவன் வீட்டுக்குப் போனாள். கையெல்லாம் மாவாக நின்றுகொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் இறைச்சி வைத்து மடித்த பாஸ்டி சுடுவது வழக்கம். ஒன்று அவனுக்கு, ஒன்று அவளுக்கு. அடுப்பில் வைத்து மூடிவிட்டு, மணிக்கூட்டைத் திருகி வைத்தான். உட்கார் என்று தலையால் சொன்னான்.

வழியெல்லாம் அவள் ஒரு யோசனை செய்துகொண்டு வந்திருந்தாள். முள்ளை முள்ளால் எடுப்பது. தன் கதையை முதலில் சொல்லிவிட்டால் அவன் தன் கதையைச் சொல்வான். இரண்டு பேரும் ஒரு பாட்டம் அழுதுவிட்டுச் சாப்பிடலாம். இதில் பிசகு வர இடமே இல்லை என்றுதான் அவளுக்குப் பட்டது.

"ரீட், நான் ஒண்ணு சொல்றேன். முடிக்கிற வரைக்கும் குறுக்க பேசாத."

வாழ்நாளில் யார் பேச்சிலும் குறுக்கிடாத அவன் தலையை ஆட்டினான்.

"அம்மாவுக்கு நான் கொடுக்கப் போனேன்ல. என்னை யாரும் வேணாம்னு சொல்லல. நான்தான் வேணாம்னேன். எனக்குப் பயமா இருந்துச்சு. அங்க அதுக்குன்னு ஒரு அம்மா இருக்காங்க, அவங்க சரிப்படலன்னு சொல்லி என்னை வெளிய விட்டுட்டாங்க. அதனால அது எப்படி நடக்கும்னு எனக்குத் தெரியும். நீயும் பயந்திருந்தா சொல்லிடு. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். கேக்குற யோக்கியதை எனக்கு இல்ல. ஆனா தெரியணும். தெரியாம இருக்க முடியல என்னால."

ரீட் கையைத் துடைத்துக்கொண்டான். அலமாரியின் மேல் இழுப்பறையைத் திறந்து, ஒரு சின்னக் கருவியையும், ஒரு டப்பா நிறையப் பட்டைகளையும், மருத்துவமனையிலிருந்து வந்த மடித்த கடிதம் ஒன்றையும் எடுத்து மேசையில் வைத்தான். விரலைக் குத்தி இரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் கருவி. சுத்திகரிப்புக் கூடத்தில் பாதிப் பேர் பையில் அது இருக்கும். லோர்னாவுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"சர்க்கரை," என்றான். "சர்க்கரைத் தண்ணி குடுத்து ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பாத்தாங்க. கூடுதலா இருந்துச்சு. இன்னொரு தடவை பாருங்கன்னு நான்தான் கேட்டேன். மறுபடியும் அதேதான். இப்படி இருக்கிற ஆளுகிட்ட எடுக்க மாட்டோம்னுட்டாங்க."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீயே மெஷினோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்க. இது வேறயா உனக்கு?" அவன் கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அன்னிக்கு உன்னை எறக்கிவிட்டுட்டு அந்தப் பொத்தானை அழுத்தவே முக்கால் மணி நேரம் ஆச்சு எனக்கு."

லோர்னா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. இவன் மாட்டேன் என்று சொல்லவில்லை. ரொட்டித் தட்டைத் தள்ளியது சர்க்கரைக்காக. ஐந்து நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாறாங்கல் இறங்கியது. நிமிர்ந்து, உனக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, மாத்திரை கொடுத்தார்களா என்று விசாரிக்க ஆரம்பித்தாள். ரீட் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தான். முகம் மெல்ல மெல்ல மாறியது.

"குடும்பத்துக் கிட்னின்னு சொன்னது யாரு?"

லோர்னாவுக்கு முதலில் புரியவில்லை.

"அம்மா சொன்னா," என்றான் அவன். "நான் அப்பக் கப்பல்ல இருந்தேன். டுலூத் துறைமுகத்துல தாது ஏத்திக்கிட்டு இருந்தோம். உனக்கு முடியலன்னா நான் கொடுக்கிறேன்னு கேப்டன்கிட்ட லீவு வாங்கிட்டேன். கெளம்புறதுக்கு முன்னாடி அம்மாவுக்குப் போன் பண்ணேன். லோர்னாவுக்கு ஆகலையாம், நம்ம குடும்பத்துக்கே கிட்னி அப்படித்தானாம், டாக்டருங்களே சொல்லிட்டாங்களாம், நீ வீணா வேலையைக் கெடுத்துக்கிட்டு வராதன்னா. லீவைத் திருப்பிக் குடுத்துட்டேன்."

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"போன மாசம் அந்த டாக்டர்கிட்டக் கேட்டேன். எங்க குடும்பத்துக்கே ஏதோ கோளாறுன்னாங்களே, என்னோடத எப்படி எடுப்பீங்கன்னு. அவரு பழைய காகிதத்தையெல்லாம் பாத்துட்டு அப்படி ஒண்ணுமே இல்லையேன்னாரு. அம்மாவும் நானும் ஒரே ரத்த வகைன்னாரு. ஒரு மாசமா மண்டையைக் குழப்பிக்கிட்டுத் திரியிறேன், அம்மாகிட்ட அதைச் சொன்னது யாருன்னு."

அப்போதுதான் லோர்னாவுக்கு நினைவு வந்தது. நினைவு வந்தது என்றால், மறந்திருந்தாள் என்று அர்த்தமில்லை; அதை ஒரு பொருட்டாக அவள் நினைத்ததே இல்லை. சரிப்படவில்லை என்று மட்டும்தான் மருத்துவமனை சொன்னது. வீட்டுக்கு வந்ததும் அம்மா அவளைப் படுக்க வைத்து, போர்வையைப் போர்த்திவிட்டு, உனக்கு ஒன்றும் ஆபத்தில்லையே, என்ன காரணமாம் என்று கேட்டாள். எங்கே தோண்டித் துருவிவிடுவாளோ என்ற பயத்தில், நம் குடும்பத்துக்கே அப்படித்தானாம் என்று லோர்னா வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டாள். ஒரு விநாடிகூட ஆகியிருக்காது. சொன்னவுடன் அம்மா நிம்மதியானது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"நான்தான் சொன்னேன்," என்றாள்.

"நீயா?"

"அம்மா காரணம் கேட்டா. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல."

"எனக்கு அப்ப நாப்பது வயசு, லோர்னா. சர்க்கரை கெடையாது. ஒண்ணும் கெடையாது."

மன்னித்துவிடு என்பது எவ்வளவு சின்ன வார்த்தை என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. வெட்டியவளும் அவள்தான். அவனிடம் ஒரு பொய்யைத் தேடி வந்தவள், அவனிடம் பொய்யே இல்லை என்று கண்டுகொண்டு, தன்னுடையதை மேசை மேல் வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமா? சொன்னது சரியா, தப்பா? இனி யாரிடம் போய்க் கேட்பது? ஒன்றும் புரியவில்லை அவளுக்கு.

"அம்மாவுக்குத் தெரியுமா? அது நீயா கட்டுனதுன்னு?"

"தெரியல, ரீட். சத்தியமாத் தெரியல."

மணிக்கூடு அடித்தது. அவன் எழுந்துபோய் அடுப்பைத் திறந்தான். இரண்டு பாஸ்டிகள், மேல்மாவில் கத்தியால் கீறிய அவரவர் பெயரின் முதல் எழுத்தோடு. அவள் எழுத்துப் போட்டதில் உருளைக்கிழங்கு இருக்காது. அவளுக்கு ஆகாது என்று அவன் வேறு கிழங்கை நறுக்கி இரண்டு தண்ணீரில் வேகவைத்துப் போடுவான். ஒவ்வொரு ஞாயிறும் அவன் இரண்டு தட்டு எடுப்பான். அன்று ஒரு தட்டுதான் எடுத்தான். அவளுடையதை வெள்ளித்தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி, காகிதப் பையில் போட்டு, வாசலில் அவளுடைய கையுறைகளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான்.

"சூடா இருக்கு. பாத்து எடுத்துட்டுப் போ."

லோர்னா மேலங்கியைப் போட்டுக்கொண்டாள். பொத்தான் போடாமலே பையை எடுத்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமைக்கு வேறு யாரையாவது வண்டிக்குப் பார்த்துக்கொள்ளட்டுமா என்று தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"வேணாம். ஆறரைக்கு வந்துடுவேன். வியாழக்கிழமையும் வருவேன், சனிக்கிழமையும் வருவேன்." ரீட் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். "வண்டியில எங்கிட்ட எதுவும் பேசாத."

"எவ்வளவு நாளைக்கு?"

அவன் வெளியே பார்த்தான். முற்றத்தில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவன் உண்மையாகவே கணக்குப் போட்டுப் பார்ப்பது அவளுக்குத் தெரிந்தது.

"எனக்கே தெரியல," என்றான்.